எர்மெஸ் கழுவிய நெருப்பு

நல்ல கணப்பு இருக்கிறது, எரிப்பதற்கு மூட்டை மூட்டையாகக் குச்சி இருக்கிறது, புகைபோக்கியையும் புதிதாக்கியாயிற்று. அப்படியிருந்தும் ஒரு வீடு ஏன் சூடேறவில்லை? அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு எர்மெஸே ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் மறைக்காமல் சொன்னதை நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எர்மெஸ் ஐஸ்கிரீம்காரர். இத்தாலியின் வடக்கு மலைகளில், எங்கள் சொல்தோ பள்ளத்தாக்கில், வீட்டுக்கு ஒருவராவது அந்தத் தொழிலில் இருப்பார். பிப்ரவரியில் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டி ஜெர்மனிக்குப் போவார்கள். அங்கே ஆளுக்கொரு ஊரில் கடை. வெயில்காலம் முழுக்க ஐஸ்கிரீம் விற்றுவிட்டு, குளிர் தொடங்கியதும் கடையைப் பூட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். அதனால் கோடையில் எங்கள் ஊர் ஜன்னல்கள் சாத்தியே கிடக்கும். பனி விழுந்த பிறகுதான் கல்யாணம், ஞானஸ்நானம், பங்காளிச் சண்டை எல்லாம் நடக்கும்.

எர்மெஸும் அவர் மனைவி நோர்மாவும் இப்படியே போய்வந்து வயதானவர்கள். ரைன் ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊரில் அவர்கள் கடை. எர்மெஸ் பின்கட்டில் கலவை போட்டு மிஷினைப் பார்த்துக்கொள்வார். நோர்மா முன்னால் நின்று கரண்டியால் வழித்துக் கொடுப்பார். காலமெல்லாம் குளிர்ப்பெட்டிக்குள் கை விட்டதில் நோர்மாவின் விரல்கள் கெட்டுப்போயின. கொஞ்சம் குளிர் பட்டாலும் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கி மெழுகு மாதிரி ஆகிவிடும். அப்போது பொத்தான் போட முடியாது, காபிக் கோப்பையைப் பிடிக்க முடியாது. சூடு திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்தும். கையை எப்போதும் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

கடையை மகள் கட்யாவிடம் ஒப்படைத்த வருஷம், இனிமேல் எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தது. நோர்மாவுக்கு, குளிர்காலத்திலும் ஊருக்குத் திரும்பாத மகளோடு ஜெர்மனியிலேயே இருந்துவிட ஆசை. அங்கே தரைக்கு அடியிலேயே வெந்நீர் ஓடும், வீடு முழுக்கச் சூடு. எர்மெஸுக்கோ ஒரு குளிர்காலத்தையாவது பிப்ரவரியை நினைத்துப் பயப்படாமல், சொந்த வீட்டில் உட்கார்ந்து, பனி கரைவது வரை பார்க்க வேண்டும் என்று ஆசை. தொழிலுக்குப் போன நாள் முதல் அவர் ஊரில் வசந்தத்தைப் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு குளிர்காலம் வந்து இருந்து பாரு," என்று கேட்டார். "பழைய கணப்புக்குள்ள புதுசா ஒண்ணு மாட்டப்போறேன். உன் கை ஒரு நாள்கூட வெளுக்காது. வெளுத்துச்சுன்னா சொல்லு, நானே உன்னைக் கூட்டிட்டு வந்து கட்யா வீட்டுல விட்டுடறேன். அப்புறம் அந்த வீட்டைப் பத்திப் பேசவே மாட்டேன்."

"நீயா? பேசாம இருக்கப்போறியா?" என்று நோர்மா சிரித்தார். ஆனால் வந்தார்.

ரூபென்தான் அந்தக் கணப்பை மாட்டினான். பக்கத்துத் தெருப் பையன். இப்போது பள்ளத்தாக்கு முழுக்கக் கணப்பு மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. பழைய கல் கணப்பில் முன்பெல்லாம் கட்டை விறகு எரியும். பாதிச் சூடு புகையோடு மேலே போய்விடும். அந்தப் பொந்துக்குள் கண்ணாடிக் கதவு வைத்த இரும்புப் பெட்டி ஒன்றை ரூபென் செருகினான். மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் துண்டு போன்ற குச்சிகளை அதன் தொட்டியில் கொட்டவேண்டும். உள்ளே ஒரு திருகு சுற்றிக் குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். அவை துளை போட்ட ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்தில் விழும். பொத்தானை அழுத்தினால் ஒரு கம்பி சிவக்கப் பழுத்துப் பற்றவைக்கும். ஒரு விசிறி புகையை வெளியே இழுக்கும், இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதும். தீ மூச்சுவிடக் காற்று வேண்டும் என்று கணப்புக்கு எதிர்ச் சுவரில், தரைக்குச் சற்று மேலே, கை நுழையும் அளவுக்குத் துளை போட்டு அதன் மேல் ஒரு கம்பி வலையும் வைத்தான்.

வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான், "பார்பா, கொஞ்ச நேரம் உக்காருங்க. இதை எப்படிப் பாத்துக்கணும்னு காட்டிடறேன்." ஊரில் வயதில் பெரிய ஆண்கள் எல்லோரும் எங்களுக்குப் பார்பாதான், சொந்தமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மிஷினைக் கழட்டி மாட்டினவன் நான்."

"அது ஐஸ்கிரீம் மிஷின். இது வேற."

"என்ன வேற? அதுலயும் மோட்டார், இதுலயும் மோட்டார். அதுலயும் திருகு சுத்துது, இதுலயும் சுத்துது. அது குளிரைத் தருது, இது சூட்டைத் தருது. தலைகீழா நிக்கற ஐஸ்கிரீம் மிஷின். அவ்வளவுதான்."

ரூபெனுக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. சிரித்துக்கொண்டே கருவிப் பெட்டியைத் தூக்கினான். "சரி, ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. தினமும் கிண்ணத்தைச் சுத்தம் பண்ணிடணும்."

"சுத்தத்தைப் பத்தி ஐஸ்கிரீம்காரனுக்கே பாடமா? போடா போ!"

முதல் சில வாரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாகத் தீ ஆடும். நோர்மா அதன் எதிரில் நாற்காலியைப் போட்டுக் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் எர்மெஸ் கேட்காமலேயே நோர்மா தன் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தானே போட்டுக் காட்டினார். எர்மெஸ் அன்று இவேத்தாவின் காபிக் கடைக்குப் போய் எல்லோருக்கும் கிராப்பா சாராயம் வாங்கிக் கொடுத்தார்.

ஐஸ்கிரீம் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கடை சாத்தும்போது மிஷினைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாக வெந்நீரில் போட்டு, சோப்பு வைத்துத் தேய்த்து அலச வேண்டும். என்ன காய்ச்சல் வந்தாலும், வீட்டில் யார் செத்தாலும் அது நிற்காது. மிஷினைக் கழுவாமல் தூங்கப் போன ஐஸ்கிரீம்காரனை எங்கள் பள்ளத்தாக்கில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. தன் மிஷினை வெளியாள் திறக்க விடுவதில்லை. உள்ளே கை விட்டவனுக்குக் கலவையின் ரகசியம் தெரிந்துவிடும் என்று பழைய காலத்துப் பயம். பயம் போய்விட்டது, வழக்கம் மட்டும் போகவில்லை.

எர்மெஸ் அந்த இரண்டையும் அப்படியே கணப்புக்கும் செய்தார்.

சாயங்காலம் தீயை அணைத்து, பெட்டி ஆறியதும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக் கழுவுதொட்டிக்குப் போவார். சோப்பு நுரையில் ஊறவைத்துத் தேய்ப்பார். பிறகு ஈரப் பஞ்சால் கிண்ணம் உட்காரும் இடத்தையும், பற்றவைக்கும் கம்பி இருக்கும் குழாயையும், பின்பலகையையும் துடைப்பார். கண்ணாடியை வினிகர் போட்டுப் பளபளப்பாக்குவார். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு நோர்மாவைக் கூப்பிட்டு, "இதுல ஐஸ்கிரீம் வச்சுச் சாப்பிடலாம்," என்பார். நோர்மாவும் பார்த்துத் தலையாட்டுவார்.

நவம்பர் முடிவதற்குள் கணப்பு வம்பு பண்ண ஆரம்பித்தது. காலையில் பொத்தானை அழுத்தினால் குச்சி விழும், விசிறி ஓடும், தீ மட்டும் வராது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கூவல். பெட்டியின் சின்னத் திரையில் 'பற்றவில்லை' என்று எழுத்து ஓடும். மறுபடி அழுத்தினால் சில நாள் பற்றும், சில நாள் பற்றாது. பற்றினாலும் பழைய மஞ்சள் தீ இல்லை. சோம்பேறித்தனமாக, சிவப்பாக, புகையோடு எரியும். கண்ணாடி ஒரே நாளில் கறுத்துவிடும். கண்ணாடி கறுக்கக் கறுக்க, சுத்தம் போதவில்லை என்று எர்மெஸ் இன்னும் அதிகமாகக் கழுவினார்.

இவேத்தாவின் கடையில் இது பெரிய பேச்சாகிவிட்டது. குளிர்காலத்தில் ஊர் திரும்பியவர்களுக்கு வேறு வேலையும் இல்லை.

"குச்சி ஈரமா இருக்கும்," என்றார் ஒருவர். "ஒண்ணை எடுத்து ஒடிச்சுப் பாரு. டக்குன்னு முறிஞ்சா நல்ல குச்சி. பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தா ஈரம் குடிச்சது."

"முறியுது. நல்லாவே முறியுது."

"அப்போ காத்து. பெல்மோ மலைப் பக்கமிருந்து அடிச்சா எந்தப் புகைபோக்கியும் இழுக்காது."

"நேத்து காத்தே இல்லையே."

"எங்க வீட்டுலயும் இப்படித்தான். மாமியா உள்ள நுழைஞ்சா கணப்பு அணைஞ்சுடும்."

"அது கணப்பு இல்லடா, நீ."

எல்லோரும் சிரித்தார்கள். எர்மெஸும் சிரித்தார். இவேத்தா மட்டும் கோப்பையைத் துடைத்தபடி சொன்னார், "ஏன் இப்படிச் சுத்தி வளைக்கறே? ரூபெனைக் கூப்பிடு. அவன் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவுல ஒரு மாதாகோயில்தானே இருக்கு?"

"என் மிஷினை இதுவரைக்கும் அடுத்தவன் தொட்டதில்லை."

"மாட்டினதே அவன்தான், எர்மெஸ்!"

"மாட்டினான். அதோட சரி."

உண்மையில் விஷயம் வேறு. இதே கடையில், இதே ஆட்கள் முன்னால், தலைகீழ் ஐஸ்கிரீம் மிஷின் என்று எத்தனையோ தடவை பெருமையடித்திருந்தார். இனி ரூபென் பையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் நுழைவதை ஊர் பார்க்க வேண்டுமா என்று கூச்சம். அவ்வளவுதான். அந்தக் கூச்சத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை என்று பின்னால் அவரே சொன்னார்.

டிசம்பரில் பனி இடுப்பளவு விழுந்தது. கணப்பு எரியாத காலைகளில் எர்மெஸ் அதன் முன் மண்டியிட்டு உட்கார்ந்து முறுக்கிக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருப்பார். நோர்மா கோட்டைப் போட்டுக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பார்.

"குளிருதா?"

"இல்ல."

"கையைக் காட்டு."

"இப்போதான் பாத்திரம் கழுவினேன். அதான் இப்படி இருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

"நாளைக்குச் சரியாயிடும், நோர்மா. எங்கே கோளாறுன்னு கிட்டத்தட்டப் பிடிச்சுட்டேன்."

"சரி."

நோர்மாவின் 'இல்ல'வை எர்மெஸ் நம்பினார். நம்புவதுதான் அவருக்கு வசதியாக இருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்ததைப் பார்க்காமல் இல்லை. பார்த்தால் வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வரும் என்று கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

கட்யா ஜெர்மனியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அப்பா, ஆளைக் கூப்பிட்டியா இல்லையா?"

"பாத்துட்டிருக்கேன்."

"யார் பாக்கறா?"

"நான்தான்."

"நீ பாக்கறது எனக்குத் தெரியும். பாக்கத் தெரிஞ்சவன் எப்போ பாப்பான்?"

எர்மெஸ் போனை நோர்மாவிடம் கொடுத்துவிடுவார். நோர்மா மகளிடம், "நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு," என்று இரண்டு தடவை சொல்வார். இரண்டு தடவை சொன்னதில்தான் தனக்குச் சந்தேகம் வந்ததாகக் கட்யா பிற்பாடு சொன்னாள்.

குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் பண்டிகை ஜனவரி தொடக்கத்தில் வரும். அன்று காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் சோளமாவுக் களியும் வறுத்த இறைச்சியும் செய்து விருந்து வைப்பதாக எர்மெஸ் நாலு பேரை அழைத்திருந்தார். வீடு சூடாக இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. விடிந்ததும் பொத்தானை அழுத்தினார். பற்றவில்லை. மறுபடி அழுத்தினார். பற்றவில்லை. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் புதிதாகக் குச்சி விழுந்து குவிந்தது. பற்றாமல் போனால் அடுத்து அழுத்துவதற்கு முன் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. எர்மெஸ் அதைப் பிரிக்கவே இல்லை. பூசைக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் இன்னொரு தடவை அழுத்திவிட்டுக் கழுத்துப்பட்டி கட்டப் போனார்.

நோர்மா கணப்பின் எதிரில் இருந்தார். பெட்டிக்குள் முதலில் புகைதான் வந்தது. குவிந்து கிடந்த குச்சியெல்லாம் தீயில்லாமல் கனிந்து, கண்ணாடிக்குப் பின்னால் கெட்டிப் புகையாக நிறைந்தது. பிறகு ஒரே நொடியில் அது முழுவதும் பற்றியது. 'டொம்' என்று ஒரு சத்தம். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. இடுக்கெல்லாம் பிதுங்கிக்கொண்டு புகை அறைக்குள் பாய்ந்தது.

எர்மெஸ் ஓடி வந்தபோது அறை கண்ணுக்குத் தெரியவில்லை. நோர்மா இருமியபடி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டிருந்தார். வீட்டுச் செருப்போடு, கையுறை இல்லாமல், பனியில். பூசைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். இவேத்தா தன் சால்வையால் அவர் கைகளைச் சுற்றினார். விரல்கள் பத்தும் வெள்ளை. சிலது நீலம் பாரித்திருந்தது.

"ஒண்ணும் ஆகல," என்று நோர்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பல் கிட்டியிருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை.

கதவைத் திறந்துபோட்டதும் புகை கலைந்தது. தீ தானாக அடங்கியது. மருத்துவர் வந்து பார்த்தார். நுரையீரலுக்கு ஒன்றுமில்லை, விரலும் போகாது, ஆனால் இனி இப்படி விடக் கூடாது என்று சொன்னார். அதைச் சொல்லும்போது நோர்மாவைப் பார்க்காமல் எர்மெஸைப் பார்த்தார்.

மறுநாளே கட்யா காரில் வந்துவிட்டாள். அப்பாவோடு சண்டை போடவில்லை. அம்மாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலாம் என்று எர்மெஸுக்கு இருந்தது.

நோர்மா வாசலில் நின்று அவர் கன்னத்தைத் தொட்டார். கட்டுப்போட்ட விரல். "நான் கோவிச்சுக்கிட்டுப் போகல, எர்மெஸ். இந்தக் கைக்கு இன்னும் பொறுத்துப் பாக்கத் தெம்பில்ல. அதான் போறேன்."

"நானும் வர்றேன். கொண்டுவந்து விடறேன்னு சொன்னேனே."

"வீட்டைப் பூட்டிட்டு நிதானமா வா. குழாயெல்லாம் உறைஞ்சுடப் போகுது."

கார் திருப்பத்தில் மறைந்ததும் எர்மெஸ் மாதாகோயிலைச் சுற்றிக்கொண்டு ரூபென் வீட்டுக்கு நடந்தார். அன்று அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

ரூபென் தரையில் துணி விரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தான். குச்சியை ஒடித்தான், நல்ல குச்சி. கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தான்; அது வரவில்லை, புகை கசியாமல் கதவு ஓரத்தில் ஒட்டிய கயிறு இறுக்கமாகவே இருக்கிறது என்றான். புகைக்குழாயில் தூரிகை விட்டான். கொஞ்சம் கரி கொட்டியது, அடைப்பில்லை. பிறகு கிண்ணத்தைத் தூக்கினான். அதன் அடியில், பற்றவைக்கும் கம்பி இருக்கும் குழாயில், சாம்பல் கல்லாகப் பிடித்திருந்தது.

"பார்பா, இதுக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு?"

"தண்ணி வரல. நான்தான் தினமும் கழுவினேன்."

"கழுவினீங்களா?"

"நீதானே சுத்தம் பண்ணுன்னு சொன்னே?"

ரூபென் அப்படியே குதிகாலில் உட்கார்ந்துவிட்டான். "சாம்பல்ல தண்ணி பட்டா சிமெண்டு மாதிரி இறுகிடும், பார்பா. கம்பிக்குக் காத்துப் போற வழியே அடைஞ்சுபோச்சு. ஈரத்துல கம்பியும் வெடிச்சிருக்கு. இதை ஆறவிட்டு, சுரண்டி, சாம்பல் உறிஞ்சற மிஷினால இழுக்கணும். தண்ணியே கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அதைச் சொல்லியிருக்கணும். சுத்தம் பண்ணுங்கன்னு மட்டும் சொல்லிட்டு ஓடிட்டேன்," என்றான்.

உளியால் சாம்பலைப் பெயர்த்தான். புதுக் கம்பி மாட்டினான். பொத்தானை அழுத்தியதும் முதல் தடவையிலேயே தீ வந்தது. ஆனால் அதே சிவப்பு, அதே புகை. ரூபென் புருவத்தைச் சுருக்கினான். "காத்து பத்தலையே," என்று முணுமுணுத்தபடி எதிர்ச் சுவருக்குப் போனான். நோர்மாவின் நாற்காலியை நகர்த்திவிட்டுக் குனிந்து, சுவர்த் துளையிலிருந்து எதையோ இழுத்தான்.

அது ஒரு துணிச் சுருள். நாலாக மடித்து இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் நோர்மா ஐஸ்கிரீம் கடையில் போட்டுக்கொள்ளும் மேலங்கி. துளை வழியாக வந்த பனிக்காற்று அவருடைய நாற்காலிக்கு நேராக அடித்திருக்கிறது. எர்மெஸிடம் சொன்னால் மனம் நோகும் என்று, அவர் காபிக் கடைக்குப் போயிருந்த ஏதோ ஒரு வேளையில் தானே அடைத்திருக்கிறார். அடைத்த பிறகு தீக்கு மூச்சுத் திணறிக் கண்ணாடி கறுத்தது. அதைப் பார்த்து எர்மெஸ் இன்னும் கழுவினார்.

துளை திறந்ததும் தீ நிமிர்ந்து மஞ்சளாக எரியத் தொடங்கியது.

"நாற்காலியை அந்தப் பக்கம் போட்டிருந்தாலே போதும்," என்றான் ரூபென். "இல்லேன்னா துளையிலேருந்து நேரா பெட்டிக்கே குழாய் வச்சுக் கொடுத்திருப்பேன். ஒரு மத்தியான வேலை. கேட்டிருந்தா..." அவன் எர்மெஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

எர்மெஸ் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு நோர்மாவின் நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தார். குளிர்காற்று அவர் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவர் அதுவரை ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் போன் பண்ணினார். "நோர்மா, சரியாயிடுச்சு. சட்டையைக் கழட்டிட்டு உக்கார்ற அளவுக்குச் சூடு."

"அப்படியா? சந்தோஷம்."

"துளையில உன் மேலங்கி இருந்துச்சு."

"எனக்கு முதுகுல குளிர் அடிச்சுது. உன்கிட்ட சொன்னா நீ தோத்துப்போன மாதிரி முகத்தை வச்சுக்குவே. அதைப் பாக்கறதுக்குக் குளிரே பரவாயில்லன்னு தோணுச்சு."

"நான் கேட்டேனே. குளிருதான்னு கேட்டேனே, நோர்மா."

"கேட்டே. நான் இல்லன்னு சொன்னதும் உனக்கு எவ்வளவு நிம்மதின்னு நான் பாத்தேன்."

எர்மெஸ் அந்த மேலங்கியை நாலாக மடித்தார். "இப்போ வர்றியா?" என்று கேட்டார்.

"வேண்டாம், எர்மெஸ். கை இன்னும் ஆறல. அந்த வாசல்ல நின்ன நினைப்பு வந்தாலே விரல் வெளுக்குது. நவம்பர்ல இப்படி எரிஞ்சிருந்தா நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன். நீ வா."

எர்மெஸ் போனார். ஊரில் எல்லோரும் புறப்படும் அதே பிப்ரவரியில், அவருக்கென்று கடை இல்லாதபோதும், கார்களின் வரிசையில் அவர் காரும் போனது. ஊரில் வசந்தத்தை அந்த வருஷமும் அவர் பார்க்கவில்லை. வீட்டை விற்கவில்லை. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ரூபென்தான் போய்ப் பார்த்துக்கொள்கிறான். வந்து தங்குபவர்கள் அரைக்கைச் சட்டையோடு கணப்பின் முன் உட்கார்ந்து வைன் குடிப்பதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். இவ்வளவு கதகதப்பான வீடு கிடைத்ததே என்று அவர்கள் இவேத்தாவிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவேத்தா தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

போன ஆகஸ்டில் எர்மெஸ் மட்டும் சில நாள் வந்திருந்தார். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னபோது, யாரையும் குறை சொல்லவில்லை. "அவ இல்லன்னு சொன்னா. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன். கணப்புல இருந்த கோளாறு ரெண்டு. ரெண்டுமே சின்னது," என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட கணப்பு இருக்காது. ஆனால் குளிர் நாட்டில் உங்கள் அண்ணனோ அத்தை மகளோ தோழியோ இருக்கலாம், அவர்கள் வீட்டில் இருக்கலாம். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கிண்ணத்தைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், ஆறிய சாம்பலைச் சுரண்டி எடுத்தால் போதும் என்று சொல்லுங்கள். பற்றாமல் போனால் கிண்ணத்தைக் காலி செய்யாமல் மறுபடி பொத்தானைத் தொடவே கூடாது; சுவர்த் துளையில் யாராவது துணி செருகியிருக்கிறார்களா என்று குனிந்து பார்க்க வேண்டும்; காற்றில்லாமல் எரியும் தீயின் புகை இருமலோடு போகாது, மூச்சையே நிறுத்திவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியவில்லை என்றால் முதல் நாளே தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குளிரவில்லை என்று சொன்னால், அவர் கையை ஒரு தடவை பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்மெஸ் பெயரைச் சொல்லியே சொல்லலாம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.